சுவரோடு சேர்ந்து ஆடும் படங்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று முழுவதும் ஒரு குழந்தையின் கையில் பால் பவுடர் டப்பா வைத்துக்கொண்டிருந்தேன். குழந்தை கையில் ஏற்கெனவே ஒரு டப்பா இருக்கிறது. ஆனால் அது வேறு கம்பெனி. காசு கொடுத்தது இன்னொரு கம்பெனி. படம் பிடித்தவர் குழந்தையின் மாமாவாம். குழந்தையைத் துரத்திக்கொண்டே போனில் எடுத்திருக்கிறார். டப்பா குழந்தையின் கையோடும் ஆட வேண்டும், மாமாவின் கையோடும் ஆட வேண்டும். இரண்டு பேருக்கும் தாளம் ஒத்துப்போகவில்லை.

அக்கா எல்லோரிடமும் "தங்கச்சி கிராபிக்ஸ்ல இருக்கா" என்று சொல்லி வைத்திருக்கிறாள். கேட்பவர்கள் நான் டைனோசர் செய்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். நான் செய்வது ஒட்டு வேலை. ஆடுகிற வீடியோவில், அங்கே இல்லாத ஒன்றை இருக்கிற மாதிரி ஒட்ட வேண்டும். வீடியோவில் பளிச்சென்று தெரிகிற சில புள்ளிகளை — ஒரு கறை, ஒரு மூலை, ஓர் ஆணித்துளை — காட்டிக்கொடுத்தால் கம்ப்யூட்டர் அவற்றை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பின்தொடரும். அவை ஆடுகிறபடியே நான் ஒட்டியதும் ஆடும். சரியாகச் செய்தால் நான் ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். சம்பள உயர்வு கேட்கப் போகும்போது மட்டும் இது இடைஞ்சல்.

முதலாளி நாலைந்து தடவை வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அவசரம்.

மார்ச் 7, வெள்ளி

சாயங்காலம் அப்பா டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை இரண்டு மடங்கு. "கண்ணு தெரியலன்னா கை தாராளமாயிடுது" என்கிறார். கண் தெரிந்த காலத்திலும் இதே அளவுதான்.

இப்போது அவருக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான். காலமெல்லாம் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் பிரேக் பிடிக்கக் கற்றார்கள். இப்போது வலது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓட்டுகிறார். கட்டிலை விட்டு எழுந்தால் கதவு நிலை. அதைத் தாண்டினால் ஹாலில் ஈரம் குடித்து உப்பி உதிர்ந்துகொண்டிருக்கிற இடம். அது முடிகிற இடத்தில் மூலை உடைந்த ஸ்விட்ச் போர்டு. அங்கே வலது பக்கம் ஒடித்தால் சமையலறை. காலுக்கடியில் உடைந்த டைல் வந்தால் அடுப்பு மேடை வந்துவிட்டது என்று அர்த்தம். கண் முழுவதும் போவதற்கு முன்பே இந்த வீட்டைப் படித்து முடித்துவிட்டார். அதனால் யார் துணையும் இல்லாமல் எழுகிறார், குளிக்கிறார், டீ போடுகிறார், என்னை அதிகாரம் பண்ணுகிறார்.

மார்ச் 11, செவ்வாய்

வீட்டுக்காரர் வந்தார். சுவரைப் பார்த்துக் கொடுங்கள் என்று நான் கெஞ்சிய நாட்களில் ஒரு தடவை கூட வராத மனிதர், இன்று தானாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். 

"வயசாயிடுச்சும்மா எனக்கு. பையன் கடை வைக்கணும்ங்கறான். வித்துடலாம்னு இருக்கேன். நீங்க மெதுவா வேற இடம் பாருங்க, அவசரமில்ல. மூணு மாசம்."

 அவர் போன பிறகு, "லைசென்ஸ் எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார் அப்பா.

அக்காவுக்குப் போன் பண்ணினேன். "அப்பா எங்கிட்ட வரட்டும். மாடி ரூம் சும்மாதான இருக்கு. ஆள் போட்டுக்கலாம்" என்றாள். அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறாள். ஆள் கையைப் பிடித்துக் கூட்டிப்போவான், ஆள் சாப்பாடு கொடுப்பான். புது வீட்டை இந்த இருட்டில் அப்பா இனிமேல் படிக்க முடியாது என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். முடியும் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

நான் ஆபீஸில் இருந்தபோது தரகர் வந்து போனில் வீட்டை வீடியோ எடுத்துக்கொண்டு போனாராம். அப்பா அவருக்கும் டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். "பாவம், மூணு மாடி ஏறி வந்திருக்கான்" என்கிறார். நம்மைக் கிளப்ப வந்தவனுக்கு உபசாரம்.

மார்ச் 19, புதன்

எழுதவே சிரிப்பு வருகிறது. சிரிப்புதானா?

அவசரம் காலையில் ஒரு பென் டிரைவை என் மேசையில் வைத்தார். "வீடு ஒண்ணு. விக்கிறாங்க. தரகர் நமக்கு வேண்டியவரு. வீடு கொஞ்சம் அப்படி இப்படிதான் இருக்கும். சுவத்துல மூணு படம் மாட்டுங்க, ஜன்னலுக்கு வெளிய ஒரு மரம் வைங்க. வெள்ளிக்கிழமை வேணும்."

திறந்தேன். முதல் ஃப்ரேமில் ஒரு ஜோடி செருப்பு. என் செருப்பு.

என் வீடு. என் துண்டு கொடியில் தொங்குகிறது. முந்தாநாள் நான் கழுவாமல் விட்டுப்போன தட்டு. தரகர் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்குகிறார். அதனால் வீடே மேலும் கீழும் மூச்சு வாங்குகிறது. நான் மாட்டப் போகிற படங்களும் அவரோடு சேர்ந்து மூச்சு வாங்க வேண்டும்.

சொல்லியிருக்கலாம். "சார், இது என் வீடு." சொன்னால் என்ன ஆகியிருக்கும்? "அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு, போய் அளவெடுத்துட்டு வந்துடுங்க" என்றிருப்பார். சொல்லவில்லை. வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால்? மூலை மேசைப் பையன் போன மாதம் ஒட்டிய விளம்பரப் பலகை ஒரு பேருந்தோடு சேர்ந்து கிளம்பிப் போனது. என் வீட்டை அவன் கையில் கொடுக்க மனசில்லை. என்ன புத்தி இது!

மார்ச் 20, வியாழன்

வெறும் வெள்ளைச் சுவர் என்றால் என் வேலை நாசம். கம்ப்யூட்டருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. என் வீட்டில் அந்தக் கவலையே இல்லை. ஈரம் உப்பிய இடத்தின் ஓரம், ஸ்விட்ச் போர்டின் உடைந்த மூலை, கதவு நிலையில் பெயிண்ட் உரிந்த இடம், டைல். ஒவ்வொன்றாகக் குறித்தேன். கப்பென்று பிடித்துக்கொண்டது. இவ்வளவு சுலபமாக எந்தச் சுவரும் எனக்கு ஒத்துழைத்ததில்லை.

பிறகுதான் பார்த்தேன். நான் குறித்தவை அத்தனையும் அப்பா கை வைக்கிற இடங்கள்.

மார்ச் 21, வெள்ளி

ஒரு திருட்டு வேலை செய்தேன்.

ஹாலில் ஈரத்தை மறைத்து ஏரியில் ஒரு படகு. படுக்கையறையில் குதிரை. நடையில் ஆரஞ்சு வட்டங்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியாது, அதனால் கௌரவமாக இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய் இருந்த இடத்தில் ஒரு பூமரம். எல்லாம் கச்சிதம். படகை மட்டும் நழுவ விட்டேன். கேமரா இடது பக்கம் திரும்பும்போது சுவர் போய்விடுகிறது. படகு ஓர் அரை விரல் பின்தங்கி நின்று, பிறகு ஓடி வந்து சேர்ந்துகொள்கிறது. பார்க்கிறவனுக்குத் தலை சுற்ற வேண்டும். வீட்டில் பேய் இருக்கிறது என்று நினைத்தால் இன்னும் நல்லது.

அனுப்பிவிட்டேன். வீடு விற்காது.

மார்ச் 24, திங்கள்

"பிரமாதம்னு சொல்லிட்டாங்க!" என்று அவசரம் ஆபீஸே கேட்கும்படி கத்தினார். தரகருக்குத் திருப்தி, வீட்டுக்காரருக்கு அதைவிடத் திருப்தி. தன் வீடு இவ்வளவு அழகு என்று அவருக்கே தெரியாதாம்.

படகு? யாரும் பார்க்கவில்லை. இரண்டு பேர் மூன்று தடவை பார்த்திருக்கிறார்கள். ஒரு படகு சுவரை விட்டுக் கிளம்பித் திரும்பி வருகிறது, அது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை! அவர்கள் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று.

"நடுவுல ஒரு பெரியவரு சுவத்தத் தடவிக்கிட்டே போறாரு பாருங்க. அவரத் தூக்கிடுங்க."

மார்ச் 25, செவ்வாய்

அப்பாவைத் தூக்கினேன்.

தரகருக்கு டீ போட எழுந்து போகிறார், அவ்வளவுதான். கட்டிலிலிருந்து சமையலறை வரைக்கும். வேறு ஃப்ரேமிலிருந்து வெறும் சுவரை எடுத்து அவர் மேல் போர்த்திக்கொண்டே வந்தேன். சட்டை போயிற்று, தலை போயிற்று. கடைசியில் கை. ஒவ்வொரு ஃப்ரேமிலும் அந்த விரல்கள் ஸ்விட்ச் போர்டைத் தேடுகின்றன, நான் ஒவ்வொன்றாக அழிக்கிறேன். சொந்த வீட்டில், சொந்த அப்பாவை, சம்பளத்துக்கு. பாத்ரூமில் போய் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து மிச்ச விரல்களையும் அழித்தேன்.

கையோடு படகையும் சரிசெய்தேன். யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த நழுவலோடு அது வெளியே போவதை என்னால் தாங்க முடியவில்லை. நாளைக்கு யாராவது விவரம் தெரிந்தவன் பார்த்துவிட்டு, யார் செய்தது இது என்று கேட்டால்? பீரோக் கண்ணாடியில் எதிர்ச் சுவர் தெரிகிறது; அதில் படகின் பிம்பத்தையும் திருப்பி ஒட்டினேன். முதல் தடவை அதை மறந்தே போயிருந்தேன். இப்போது ஒரு குறை சொல்ல முடியாது.

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். அதுவும் நல்ல தரமான மண்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வீடு பார்க்க முதல் ஆட்கள் வந்தார்கள். கணவன், மனைவி, மனைவியின் அம்மா. மூன்று பேர் கையிலும் போன், போனில் என் வீடியோ. ஹாலில் நின்று போனைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், மறுபடி போனைப் பார்த்தார்கள். நான் சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற மாதிரி நின்றேன்.

அந்த அம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்: "இங்க ஒரு மரம் இருக்குமே, எங்க?"

"எனக்கும் தெரியலம்மா" என்றார் அப்பா.

ஏப்ரல் 12, சனி

இன்று இரண்டு குடும்பங்கள். இரண்டும் படகு இருந்த இடத்தில் உப்பியிருக்கிற ஈரத்தைப் பார்த்துவிட்டுத் தரகரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கின. "காது குத்தறீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

யோசித்தால், வீட்டை உள்ளபடி காட்டியிருந்தால் யாராவது வாங்கியிருப்பார்கள். ஈரம்தானே, பூசிக்கொள்ளலாம் என்று வந்திருப்பார்கள். பூமரத்தை எதிர்பார்த்து வருகிறவனுக்குக் கழிவுநீர்க் குழாயைக் காட்டினால் எப்படி வாங்குவான்? நான் கெடுக்க நினைத்துச் செய்தது கெடுக்கவில்லை. ஒழுங்காகச் செய்தது கெடுத்துவிட்டது. என் கைக்கு ஒரு முத்தம் கொடுக்கலாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

"ஏம்மா, அந்த வீடியோ உங்க ஆபீஸ்ல பண்ணதா?" என்று அப்பா கேட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே.

"நான்தான்பா பண்ணேன்."

"நல்லா பண்ணியிருக்கியா?"

"ரொம்ப நல்லா."

"அப்ப சரி" என்றார். பிறகு, "நான் வர்றேனா அதுல?"

இல்லை என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா?

ஏப்ரல் 20, ஞாயிறு

யாரும் வரவில்லை. என்ன நிம்மதி.

ஏப்ரல் 29, செவ்வாய்

வீட்டுக்காரர் வந்தார், கையில் போனோடு. என் நிம்மதி ஒன்பது நாளைக்குத்தான் எழுதியிருந்தது.

அவருக்கு யார் மேலும் கோபம் இல்லை. தரகர் மேல் இல்லை, வீடியோ செய்த ஆள் மேல் இல்லை. அவர் கோபமெல்லாம் வீட்டின் மேல். ஹாலில் நின்று போனை உயர்த்திப் பிடித்து, "பாருங்கம்மா, எப்படி இருக்கணும், எப்படி இருக்குன்னு" என்றார். பரீட்சையில் தோற்ற பையனைப் பார்க்கிற மாதிரி சுவரைப் பார்த்தார். வீடியோவில் இருக்கிற மாதிரியே வீட்டை ஆக்கிவிடப் போகிறாராம். கொத்தனாரும் பெயிண்டரும் திங்கட்கிழமை வருகிறார்கள்.

எத்தனை வருஷம் கெஞ்சினேன் இந்தச் சுவருக்கு! அப்போதெல்லாம் சிமெண்ட் விலை சொன்னார்.

மே 7, புதன்

வீடு முழுக்கத் தூசி. கொத்தனார் உப்பியதைக் கொத்திப் போட்டுவிட்டு வழவழவென்று பூசுகிறார். நல்ல வேலைக்காரர், சந்தேகம் வந்தால் வீட்டுக்காரரின் போனை வாங்கி என் வீடியோவைப் பார்த்துக்கொள்கிறார். ஸ்விட்ச் போர்டு புதுசு. டைல் புதுசு.

ஆபீஸில் அவசரம் வந்து, "அந்த வீட்டுக்காரரு படகு, குதிரை, வட்டம் மூணையும் பெரிசா பிரிண்ட் போட்டு நிஜமாவே மாட்டப் போறாராம். ஃபைலை அனுப்பிடுங்க. அவசரம்" என்றார். அனுப்பினேன். இதுவரைக்கும் எல்லாவற்றையும் நானே அனுப்பியிருக்கிறேன், இதில் மட்டும் என்ன ரோஷம்.

மே 12, திங்கள்

இன்று காலை. எப்படி எழுதுவது?

பெயிண்ட் காய்ந்துவிட்டது, இன்றுதான் கட்டிலைப் பழைய இடத்தில் போட்டோம். அப்பா எழுந்தார். கதவு நிலை வழவழ. ஹாலில் கை வைத்தார், வழவழ. உப்பிய இடம் வரும் வரும் என்று கை போகுது போகுது, அது வரவே இல்ல. படகில் முட்டி நின்றார். கண்ணாடிச் சட்டம். அதைத் தடவித் தடவிப் பார்த்தார். அதற்கு அப்புறம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல், சொந்த ஹாலில், நடுவில்—

"ஏம்மா, நான் எங்க நிக்கிறேன்?"

நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். ஓடி வரணும்னு தோணல.  அவர் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதே கிடையாது. ரோட்டில், நெரிசலில், கண் போன புதிதில் கூடக் கேட்டதில்லை. "ஹால்லப்பா, ஹால்லதான்" என்று சொன்னேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

நான் பண்ணினது. நான்தான் பண்ணேன் இதை. ஃப்ரேம் ஃப்ரேமா.

மே 18, ஞாயிறு

அப்பா நாற்காலியை விட்டு எழுவதில்லை. "பார்க்கிங்ல போட்டுட்டாங்க" என்கிறார். டீ நான் போடுகிறேன். சர்க்கரை கம்மி என்று குறை சொல்கிறார்.

ஜூன் 1, ஞாயிறு

வீட்டுக்காரர் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார், வேலை முடிந்ததைக் காட்ட. ஜன்னல் விளிம்பில் நாலு தொட்டிச் செடி வைத்து அந்தக் குழாயையும் மறைத்துவிட்டார். அது மட்டும்தான் வீடியோவுக்குக் கொஞ்சம் கம்மி.

அந்த அம்மா ஒவ்வோர் அறையாகப் போய் நின்றார். படகின் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு புருஷனைத் திரும்பிப் பார்த்தார்.

"இவ்ளோ நல்ல வீட்ட வெச்சுக்கிட்டு நாம ஏங்க அந்த இருட்டு வீட்ல கிடக்கணும்? விக்கவும் வேணாம் ஒண்ணும் வேணாம். நாமளே வந்துடலாம்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். ஆக வீடு விற்கவில்லை. நான் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை. மாதக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டும்.

அக்கா மாடி அறையைக் கழுவிவிட்டாளாம். ஆள் கூடப் பார்த்துவிட்டாள். நான் சண்டை போட்டு ஒரு தவணை வாங்கியிருக்கிறேன்: ஜூலை கடைசி வரைக்கும். அதற்குள் அப்பா புது வீட்டில் தானாக நடந்தால் என்னோடு. இல்லையென்றால் ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை அவள் வந்து கூட்டிப்போய்விடுவாள். "உனக்காக இல்ல, அவருக்காகத்தான் சொல்றேன்" என்றாள். எனக்கும் அது தெரியும்.

ஜூன் 8, ஞாயிறு

அதே தரகர்தான் வீடு காட்டுகிறார். வீடியோ செய்தது நான் என்று அவருக்கு இன்னும் தெரியாது. எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அந்த வீடியோவைக் காட்டிப் பெருமைப்படுகிறார்.

மூன்று வீடு பார்த்தேன். உள்ளே போனதும் சுவரில் கையை வைத்துத் தடவிப் பார்க்கிறேன். மூன்றிலும் பளிங்கு மாதிரி சுவர்.

"சுவரு ரொம்ப நல்லா இருக்கு, வேற காட்டுங்க" என்றேன்.

தரகர் நின்றுவிட்டார். "மேடம், நல்லா இருக்குன்னா வேற எதுக்கு?"

ஜூன் 14, சனி

கிடைத்துவிட்டது! மாவு மில்லுக்குப் பின்னால், தரைத்தளம். தரகர் அதைக் காட்டுவதாகவே இல்லை. "அது உங்களுக்குச் சரிப்படாது மேடம்" என்று தாண்டிப் போனவரை நான்தான் நிறுத்தினேன்.

என்ன சுவர்! வாசலிலிருந்து ஆரம்பித்து ஓர் ஆள் நீளத்துக்கு வெடிப்பு. அது முடிகிற இடத்தில் யாரோ எந்தக் காலத்திலோ ஜன்னலை அடைத்துப் பூசிய மேடு. பிறகு நாலு ஆணி, ஒவ்வொன்றும் ஒரு தினுசு. சமையலறை நிலையில் எலி கடித்த பள்ளம். ஹால் தரையும் உள்ளறைத் தரையும் ஒரே மட்டம் இல்லை. கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நடந்து பார்த்தேன். இடித்துக்கொள்ளாமல் சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தேன். தரகர் எனக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு வந்தார்.

வீட்டுக்கார அம்மா மாடியில் இருக்கிறார். முன்பு நர்ஸாக இருந்தவர், நல்ல மனுஷி. "வீடு இப்படிக் கிடக்குதே, நீங்க வர்றதுக்குள்ள பெயிண்ட் அடிச்சு வெச்சிடறேன்" என்றார்.

"ஐயோ, வேண்டாம்மா!" நான் போட்ட சத்தத்தில் தரகர் தண்ணீரைக் கொட்டிவிட்டார். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பெயிண்ட் அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். அது உண்மைதானே.

ஜூன் 29, ஞாயிறு

குடிவந்துவிட்டோம். கிளம்பும்போது வீட்டுக்காரர் படகுப் படத்தை எனக்கே கொடுக்கப் பார்த்தார், ஞாபகமாக. வேண்டாம் என்றேன்.

ஜூலை 3, வியாழன்

அப்பாவின் கையைப் பிடித்து வெடிப்பின் மேல் வைத்தேன். "இது என்ன, தண்டவாளமா?" என்றார். நாலு அடி வந்தார். பிறகு, "போதும்மா, எஞ்சின் சூடாயிடுச்சு" என்று நாற்காலி கேட்டார்.

ஜூலை 9, புதன்

நாற்காலிதான்.

ஜூலை 13, ஞாயிறு

எனக்குப் பொறுமை இல்லை. இன்று, "ஒரு தடவை நடந்துதான் பாருங்களேன்பா, அக்கா வந்து நிக்கப் போறா" என்று கத்திவிட்டேன்.

"நீ பக்கத்துல நின்னு சொல்லிக்கிட்டே இருந்தா எவனும் வண்டி கத்துக்க மாட்டான்" என்றார். "ஆபீஸ் போ."

ஞாயிற்றுக்கிழமை எந்த ஆபீஸுக்குப் போவது? மில் வாசலில் போய் நின்றேன். தலையெல்லாம் மாவு.

ஜூலை 21, திங்கள்

அக்கா டிக்கெட் போட்டுவிட்டாள். அவளுக்கு ஒன்று, அப்பாவுக்கும் அவளுக்கும் திரும்பிப்போக இரண்டு. எனக்கு டிக்கெட்டின் படத்தை அனுப்பியிருக்கிறாள். பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

நான் காலையில் கிளம்பும்போது அப்பா நாற்காலியில் இருக்கிறார். சாயங்காலம் வரும்போதும் நாற்காலியில் இருக்கிறார். பகலில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிற சாப்பாட்டைச் சாப்பிட்டுவிடுகிறார். மாடி அம்மா மத்தியானம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்கிறார். ஜூலை முடியப் போகிறது. வெடிப்பு அப்படியே இருக்கிறது, ஆணி அப்படியே இருக்கிறது. புள்ளி இருந்தால் மட்டும் போதுமா, பின்தொடர ஆசையும் இருக்க வேண்டாமா? கம்ப்யூட்டருக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஜூலை 29, செவ்வாய்

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அப்பாவோடு பெரிய சண்டை.

மாடி அம்மா நமக்குச் சொல்லாமல் ஒரு நல்லது செய்யலாம் என்று பெயிண்டரை அனுப்பியிருக்கிறார். "வாசனை இல்லாத பெயிண்ட், பெரியவருக்கு ஒண்ணும் பண்ணாது" என்று தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தாராம். அப்பா அந்தப் பெயிண்டரை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார். அனுப்பியது சரி. ஆனால் அவர் பேசின பேச்சு! "சுவத்துல கைய வெச்சுப் பாரு, தெரியும் சேதி" என்றாராம். பெயிண்டர் மாடிக்குப் போய் அழாத குறை. மாடி அம்மா எனக்கு ஆபீஸுக்குப் போன் பண்ணினார். அவசரம் பின்னால் நின்று எட்டிப் பார்க்க, நான் போனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இது நம்ம வீடாப்பா? குடியிருக்க விட்டிருக்காங்க. இப்படியா பேசுவாங்க?"

"அப்ப அவன் உள்ள வந்து பூசிட்டுப் போகட்டும்ங்கறியா?"

"பக்குவமா சொல்லியிருக்கலாம்ல."

"பக்குவமா சொன்னா கேக்கற ஆளு மாதிரி தெரியல. கையில சுவத்தச் சுரண்டற பட்டித் தகடு. ஒரசிக்கிட்டே நிக்கறான்."

நாளைக்கு மாடிக்குப் போய் அந்த அம்மாவிடம் வருத்தம் சொல்லிவிட்டு வரவேண்டும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார். இன்னும் கோபம் தீரவில்லை எனக்கு. அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன்: காலையில் பெல் அடித்தது, இவர் போய்க் கதவைத் திறந்தது, மிரட்டியது, கதவை அறைந்து சாத்தியது. இந்த வயசில் இவ்வளவு கோபம் ஆகாது, நீ வந்து நாலு வார்த்தை சொல் என்றேன்.

அக்கா என் பேச்சை நடுவில் நிறுத்தினாள். 

"கதவ அப்பாவா போய்த் திறந்தாரு?" என்றாள்.

நான் அதுவரைக்கும் அதை யோசிக்கவே இல்லை. ஹாலைத் திரும்பிப் பார்த்தேன். அப்பா நாற்காலியில் இல்லை. சமையலறையில் ஏதோ டப்பாவைத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தார்.

ஆமாம் என்றேன். இப்போதெல்லாம் டிக்கெட்டை ரத்து செய்தால் பாதிப் பணம்தான் திரும்பி வரும் என்று அக்கா சொன்னாள்.